ஏழாம் நம்பர் ஷட்டர்

இந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு மாமியார் வீட்டு ஜனம் ஒருத்தர்கூடத் தன் வீட்டில் தங்கக் கூடாது என்று தீனதயாளன் முடிவு கட்டினார். லேசுப்பட்ட முடிவு இல்லை. குளித்து, விபூதி பூசி, மலை இருக்கும் பக்கம் திரும்பி நின்று, முருகனையே சாட்சிக்கு வைத்து எடுத்த முடிவு. முருகன் சிரித்திருப்பார். அவருக்கு இரண்டு மாமியார்.

திருத்தணியில் சொந்த வீடு வைத்திருப்பவன் பாடு வெளியூர்க்காரனுக்குப் புரியாது. மற்ற ஊரில் வீடு என்றால் வீடு. இங்கே வீடு என்றால் சத்திரம். வருஷம் பூரா ‘நல்லா கீறியா’ என்று ஒரு போன் பண்ணாத சொந்தமெல்லாம் ஆடி பிறந்ததும் பாசம் பொங்கி, காவடியும் கையுமாக வந்து இறங்கும். தீனதயாளனின் மனைவி அம்சாவுக்குப் பிறந்த ஊர் பள்ளிப்பட்டு. போன வருஷம் மாமியார் ஞானம்மாள் தலைமையில் ஒரு வேன் நிறைய வந்தார்கள். கிருத்திகை முடிந்ததும் கிளம்புவதாகச் சொன்ன கூட்டம், மாமியாரின் முட்டி வலியைச் சாக்கு வைத்து ஆவணி பிறக்கும்வரை அசையவில்லை. தீனதயாளன் சொந்த வீட்டில் குளிக்க வரிசையில் நின்றார். மச்சான் ராஜீவ், வந்த அன்று கையில் எடுத்த டிவி ரிமோட்டை ஊருக்குப் போகிற அன்றுதான் கீழே வைத்தான்.

தீனதயாளனுக்குக் கடைத்தெருவில் உரக்கடை. சந்தேகம் அவர் கூடவே பிறந்தது. எண்ணெய் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைப்பார். எலி கடித்த தேங்காயைப் பார்த்தால், கடித்தது எலிதானா என்று இரண்டு நாள் யோசிப்பார். அப்பேர்ப்பட்டவர் போட்ட திட்டம் சோடை போகுமா? சாமான் இருந்தால்தானே தங்குவார்கள்! மெத்தை இல்லை, டேபிள் ஃபேன் இல்லை, மிக்சி இல்லை, டிவி இல்லை, கூட்டத்துக்குச் சோறு வடிக்கிற பித்தளை அண்டாவும் இல்லை என்றால் யார் தங்குவார்கள்? காவடியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே ஓடிவிட மாட்டார்களா?

“அம்சா, கிருத்திகைக் கூட்டத்தோட கூட்டமா இந்த வருஷம் திருடனுங்க நெறைய வந்துகினு இருக்கானுங்களாம். வெல போற சாமானெல்லாம் பத்திரமான எடத்துல வெச்சிடலாம்னு பாக்கறேன்.”

“மெத்தையைக்கூடவா திருடுவான்?”

“திருடனுக்குத் தூக்கம் வராதா?”

“இட்லி குண்டானு?”

“பசிக்காதா?”

அம்சா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “எங்கம்மா குடுத்த அண்டாவுமா?”

“அதான் மொதல்ல. உங்கம்மா வீட்டு சீராச்சே! அதுக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் தாங்குவேனா?”

“ஆங், சரிங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

கல்யாணமான நாளிலிருந்து அம்சா இப்படி ஒரு வார்த்தை சொன்னதே கிடையாது. வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் அங்கேயே உஷாராகியிருப்பான். ஊரையே சந்தேகப்படும் தீனதயாளனோ, சந்தேகப்பட வேண்டிய ஒரே இடத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

அரக்கோணம் ரோட்டில், ஓடாமல் கிடந்த பவர்லூம் ஷெட் ஒன்றைக் கஜபதி என்பவர் அறை அறையாகத் தடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஷட்டர் போட்டு வாடகைக்கு விட்டிருந்தார். வீடு இடித்துக் கட்டுகிறவர்கள், ஊர் மாறுகிறவர்கள் சாமானைப் போட்டு வைக்கிற இடம். கீழே ஷெட், மாடியில் கஜபதியின் குடித்தனம். தீனதயாளனுக்குக் கிடைத்தது ஏழாம் நம்பர் ஷட்டர். சாமானை ஏற்றி இறக்கியதும் அவர் வாசலில் இருந்த கேமராவைப் பார்த்தார்.

“இது வேலை செய்யுதா கஜபதி?”

“சூப்பரா செய்யுதுண்ணா. நல்லா பாக்கும்.”

“பாத்தது பதிவாவுமா?”

“அது ஒண்ணுதான் ஆவாது.”

அதனால் சொந்தப் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டார். சாவி இரண்டு. ஒன்று அவர் அரைஞாண் கயிற்றில் ஏறியது. இன்னொன்றை எங்கே ஒளிப்பது? பீரோ? திருடன் முதலில் பார்ப்பதே அதைத்தான். சாமி படத்துக்குப் பின்னாலா? அதற்கு அடுத்து அதைத்தான் பார்ப்பான். வீடு முழுக்கச் சுற்றி வந்து, கடைசியில் சமையலறை அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை விட்டுப் புதைத்தார். எந்தத் திருடன் அரிசிக்குள் கை விடுவான்? தினம் மூன்று வேளை அதற்குள் யார் கை போகிறது என்பது, பிறந்ததிலிருந்து ஒரு நாள் உலை வைக்காத மனுஷனுக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள்.

இரண்டு நாள் கழித்து ஷட்டரைத் தூக்கினார். மெத்தை இல்லை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஃபேன் இருந்தது, மிக்சி இருந்தது, டிவி இருந்தது, அண்டா இருந்தது. மெத்தையும் இரண்டு தலையணையும் மட்டும் மாயம். பூட்டில் ஒரு கீறல் கிடையாது.

“கஜபதி! மெத்தை எங்க?”

“எந்த மெத்தைண்ணா? ஷட்டரைத் தூக்கினது நீங்க. பூட்டு உங்களுது. என்னைக் கேட்டா?”

அப்போது மாடியிலிருந்து குழந்தைகள் ஓடும் சத்தம் திடுதிடுவென்று வந்தது.

“மேல யாரு?”

கஜபதி தலையைச் சொறிந்தார். “கிருத்திகைக்கு… மாமியார் வீட்டு ஜனம்ண்ணா.”

தீனதயாளனுக்கு மெத்தை ஒரு கணம் மறந்தே போயிற்று. கஜபதியின் தோளைத் தட்டிக்கொடுத்தார். “உனக்குமா? ஐயோ பாவம்!”

அடுத்த தடவை ஃபேன் போயிருந்தது. அதற்கடுத்து மிக்சி. தீனதயாளன் பூட்டை மாற்றினார். புதுச் சாவியை அரிசியில் வைக்கவில்லை, அவர் என்ன ஏமாளியா? துவரம்பருப்பு டப்பாவுக்கு மாற்றினார். என்னதான் கில்லாடித் திருடனாக இருந்தாலும் அரிசியிலிருந்து பருப்புக்கு வர அவனுக்கு மூளை வேண்டாமா என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். அடுத்த முறை போனபோது டிவி இல்லை. அது தொலையட்டும். அண்டாவும் இல்லை!

தீனதயாளனுக்கு வியர்த்துக் கொட்டியது. அது வெறும் அண்டாவா? கழுத்தில் ‘ஞானம்மாள் மகள் அம்சா’ என்று பேர் வெட்டிய சீர் அண்டா. அது தொலைந்த சேதி தெரிந்தால் அம்சா கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விடுவாளே என்ற பயம் அவருக்கு இல்லை. தாய் வீடே திரண்டு இங்கே வந்துவிடும், அண்டா கிடைக்கிற வரைக்கும் போகாது, அதுதான் பயம். கிருத்திகைக்குள் திருடனைப் பிடித்தாக வேண்டும். அம்சாவுக்கும் தெரியக் கூடாது. போலீசுக்குப் போனால் ‘எதுக்குய்யா அண்டாவை வாடகை ரூம்ல வெச்சே’ என்பார்கள். என்னவென்று சொல்லுவது?

வீட்டுக்குப் போனால் அம்சா சோறு போட்டுக்கொண்டே ஆரம்பிப்பாள்.

“சாமானெல்லாம் பத்திரமா கீதாங்க?”

“ஓ!”

“அண்டா?”

“அதுக்கு இன்னா, ஜம்முனு குந்திகினு கீது.”

“கனவுல அண்டா அழுவுதுங்க. ஒரு தபா போய்ப் பாத்துட்டு வரட்டுமா?”

“வேணாம் வேணாம்! வெயில்ல எதுக்கு நீ…”

அவருக்குச் சோறு தொண்டையில் நிற்கும். அம்சா தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள். தண்ணீர் கொடுக்கும்போது ஏன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள் என்று அவர் யோசிக்கவில்லை. அவர் மூளைதான் பாத்திரக் கடை பாத்திரக் கடையாக அலைந்துகொண்டிருந்ததே! பேர் வெட்டிய பழைய அண்டா விலைக்கு வந்ததா என்று ஒவ்வொரு கடையிலும் விசாரித்தார். மூன்றாவது கடைக்காரர், “நீங்களே எங்கியாவது சுட்டுட்டு வந்து நோட்டம் பாக்கறீங்களா?” என்று இவரையே சந்தேகப்பட்டார். அவமானம்!

பக்கத்து ஷட்டர்காரரைச் சந்தேகப்பட்டார். பால்காரனைச் சந்தேகப்பட்டார். மச்சான் ராஜீவ்மீது சந்தேகம் வந்ததும் உடம்பே சிலிர்த்தது. ஷெட் வாசலில் நின்றபடியே அவனுக்கு போன் போட்டார்.

“டேய் ராஜீவ், எங்க கீறே?”

“பள்ளிப்பட்டுலதான் பாவா. எங்க போவேன்?”

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு காவடிக் கூட்டம் “அரோகரா!” என்று போயிற்று. போனுக்குள்ளும் அதே “அரோகரா!” கேட்டது.

பள்ளிப்பட்டிலும் காவடி கிளம்பிவிட்டதா, என்ன பக்தி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனை வைத்தார் தீனதயாளன்.

அதற்குள் கஜபதி மாடியிலிருந்து ஒரு தட்டில் மெதுவடை கொண்டுவந்து நீட்டினார். “சாப்பிடுங்கண்ணா, மேல சுட்டாங்க.”

கவலையிலும் நாலு வடை உள்ளே போயிற்று. “யாரு, உன் மாமியாரா? ஆகா, பஞ்சு! எங்க மாமியாரும் சுடுமே! தாலுகா ஆபீஸ் சொவத்துக்கு வெச்சிக் கட்டலாம்.”

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்கண்ணா,” என்றார் கஜபதி, மாடிப் படியைப் பார்த்துக்கொண்டே.

அன்றைக்குத் தீனதயாளன் ஒரு பொறி வைத்தார். ஒரு பை கோலமாவு வாங்கி ஏழாம் நம்பர் அறையின் தரை முழுக்கத் தூவினார். மிச்சம் கிடந்த இட்லி குண்டானுக்குத் திருடன் வந்தால் கால் தடம் பதியும். தடத்தை வைத்து ஆளைப் பிடிக்கலாம். மறுநாள் ஷட்டரைத் தூக்கினார். தடமும் இல்லை, தூவின மாவும் இல்லை. தரையைச் சுத்தமாகப் பெருக்கி, அவர் மாவாலேயே வாசலில் ஒரு சிக்குக் கோலம் போட்டிருந்தது. ஒரு புள்ளி பிசகவில்லை. நடுவில் பூசணிப்பூ வேறு.

தீனதயாளன் கோலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். திருட வந்த இடத்தில் கோலம் போடுகிறவனை அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஒன்று, திருடன் பொம்பளை. இல்லை, நல்ல குடும்பத்துப் பிள்ளை. எப்படிப் பார்த்தாலும் கஜபதிக்குத் தெரியாமல் இது நடக்காது. அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கஜபதியின் மேஜைக்குப் போனார்.

“கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணு.”

கஜபதி கொஞ்சமும் தயங்கவில்லை. முருகன் படத்துக்கு முன்னால் தட்டில் கற்பூரம் ஏற்றினார். “தணிகை முருகன் மேல சத்தியமா, நானும் எடுக்கல, எந்தத் திருடனும் எடுக்கல!” என்று ஓங்கி அடித்து அணைத்தார். கை நடுங்கவில்லை.

தீனதயாளன் அந்தக் கையையே பார்த்தார். பொய்ச் சத்தியம் என்றால் கை நடுங்குமே. அப்படியானால் இவனும் இல்லை. இனி யாரைச் சந்தேகப்படுவது? அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

“இது மனுசனால ஆவாதுண்ணா. பேசாம வேண்டிக்குங்க,” என்று கஜபதி இன்னொரு கற்பூரத்தை ஏற்றினார்.

“ஆங், வேண்டிக்கறேன். முருகா, அண்டா கெடச்சா ஒரு தேங்கா ஒடைக்கறேன்.”

“அவ்ளோ பெரிய அண்டாவுக்கு ஒரு தேங்காவா?”

“ரெண்டு.”

“அப்ப டிவிக்கு?”

“சரி, பாலாபிஷேகம். அரை லிட்டரு.”

“ண்ணா, சாமி இன்னா உங்க கடைக்கு உரம் வாங்க வந்துகீறாரா? இப்படிப் பேரம் பேசறீங்க!”

“பின்ன இன்னாதான் கேக்கறாரு? நீயே சொல்லு.”

“கிருத்திகைக்கு வர்ற ஜனத்துக்கு என் வீட்ல வெச்சி சோறு போடறேன்னு வேண்டிக்குங்க. அதுக்கு மேல புண்ணியம் கெடையாது.”

“எவ்ளோ ஜனம்?”

“வர்ற ஜனம்.”

“எத்தினி நாளைக்கு?”

“அவங்களாப் போற வரைக்கும்.”

தீனதயாளன் தவித்தார். இந்தப் பக்கம் அன்னதானம், அந்தப் பக்கம் அண்டா. அண்டாவுக்குப் பின்னால் ஞானம்மாள் இடுப்பில் கை வைத்து நிற்பது தெரிந்தது. கண்ணை மூடிக் கும்பிட்டார்.

“மனசுக்குள்ள சொன்னா செல்லாதுண்ணா. வாய் விட்டு, சத்தமா.”

“முருகா!” என்று தீனதயாளன் ஷெட்டே அதிரக் கத்தினார். “என் சாமான் அத்தனையும் திரும்பி வந்தா, கிருத்திகைக்கு வர்ற ஜனத்துக்கெல்லாம், அவங்களாப் போற வரைக்கும், என் வீட்ல சோறு!”

மாடியில் ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் பட்டென்று நின்றது.

மறுநாள் பரணி. காலையில் ஷட்டரைத் தூக்கியவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் வந்திருந்தது! மெத்தையை வெயிலில் உலர்த்தி வைத்திருந்தது. தலையணை உறை துவைத்திருந்தது. அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கவிழ்த்திருந்தது. தீனதயாளன் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில்தான்.

வீடு வந்து சேர்வதற்குள் அழுகை நின்று புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. ‘வர்ற ஜனம்’ என்றுதானே வேண்டிக்கொண்டோம்? யாரும் வராவிட்டால்? கேட்டைப் பூட்டி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் எவன் வருவான்? சாமிக்குச் சொன்ன சொல்லும் தப்பவில்லை, ஒரு பிடி அரிசியும் செலவில்லை. ஆகா, தீனதயாளா!

கேட்டுக்குப் பூட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது அம்சா வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

“ஏங்க, ஷோபனா போன் பண்ணா. இன்னாமோ பெரிய வேண்டுதலா வேண்டிக்கினீங்களாமே? எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சி.”

“எந்த ஷோபனா?”

“கஜபதி பொஞ்சாதிங்க. மகளிர் குழுவுல என் பக்கத்துலதானே குந்தும்.”

தீனதயாளன் மெல்ல உட்கார்ந்தார். “அது… சும்மா ஒரு பேச்சுக்கு…”

“மலை அடிவாரத்துல இருந்துகினு சாமிகிட்டப் பேச்சுக்குச் சொல்லுவாங்களா? குத்தம் ஆயிடும்ங்க! கிருத்திகைக்கு வர்ற ஜனம்னா நமக்கு மொதல்ல எங்கம்மாதானே? இந்தாங்க போனு. நீங்களே உங்க வாயால கூப்பிடுங்க.”

வேறு வழியில்லை. மாமியார் நம்பரை அழுத்தினார். போன் மணி அடித்தது. ஆனால் காதில் இல்லை. கேட் வாசலில் அடித்தது.

அங்கே ஒரு குட்டி யானை வண்டி நின்றிருந்தது. முன்னால் கஜபதி. பின்னால் மெத்தை, ஃபேன், மிக்சி, அண்டா, டிவி. டிவியைக் கட்டிப்பிடித்தபடி ராஜீவ். இறங்கி நின்ற ஞானம்மாள் ஒரு கையில் தலையணையும் ஒரு கையில் போனுமாக, “வந்துட்டேன் மாப்பிள்ளே!” என்றார். அது போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது. ஞானம்மாளுக்குப் பின்னால் பள்ளிப்பட்டே நின்றது.

தீனதயாளன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கஜபதி வீட்டு மாடி, டிவி சத்தம், நாலு வடை எல்லாம் வரிசையாகப் புரிந்தன.

“சாவி?” என்றார் கடைசியில், அம்சாவைப் பார்த்து.

“மொதல்ல அரிசியில தட்டுச்சி. அப்பால பருப்புல. அடுத்தது மொளகாத்தூள்லியோன்னு பயந்துகினு இருந்தேன்.”

“கோலம்?”

“மாவை அப்படியே கொட்டி வெச்சிருந்தீங்க, எறும்பு வராதா? எனக்குக் கை சும்மா இருக்கல.”

“இவ்ளோ நாளா என்னை அலைய வுட்டுட்டு, ‘அண்டா எப்படி கீது’ன்னு தெனம் கேட்டியேடி!”

அம்சா சிரிக்கவில்லை. “போன வருசம் எங்கம்மா முட்டி வலியோட இந்த வாசல்ல வந்து நின்னாங்க. நீங்க மூஞ்சிக்கு நேரா புடிச்ச பேப்பரை எறக்கவே இல்ல. ‘வாங்க’ன்னு ஒரு வார்த்தை வரல. நான் அடுப்பாண்ட போய் அழுதேன். நீங்களா கூப்பிடாம எங்கம்மா இனிமே இந்தப் படி ஏறக் கூடாதுன்னு நானும் முருகன்கிட்ட வேண்டிக்கினேன். உங்க வேண்டுதலும் பலிச்சுது, என்னுதும் பலிச்சுது. போய்க் கூப்பிடுங்க.”

தீனதயாளனுக்குச் சுருக்கென்றது. உண்மையாகவே சுருக்கென்றது. எழுந்து போய் கேட்டைத் திறந்தார்.

“வாங்க அத்தே.”

“வரேன் மாப்பிள்ளே. உள்ள போனதும் வடை சுடணும். தாலுகா ஆபீஸுக்கு எத்தினி வேணும்னு சொல்லுங்க.”

சாமானெல்லாம் இறங்கிற்று. கூடத்தில் மெத்தை விரிந்தது, ஃபேன் சுற்றியது, ரிமோட் ராஜீவ் கைக்குப் போயிற்று. கொல்லையில் அண்டா அடுப்பேறியது. அம்சா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு யார் யாருக்கு எந்த இடம் என்று பிரித்துக்கொடுத்தாள். அம்மாவுக்குக் கட்டில், சித்தி பிள்ளைகளுக்குக் கூடம், ராஜீவுக்கு டிவிக்கு எதிரில், மற்றவர்களுக்கு மொட்டை மாடி. மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தீனதயாளன் தன் பெயர் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை.

“அம்சா, அப்ப நான் எங்க படுக்கறது?”

“ஏங்க, அந்த ஏழாம் நம்பரு காலியாத்தானே கீது? மாசம் முடியிற வரைக்கும் வாடகை கட்டியாச்சி. வீணாப் போனா உங்களுக்கு மனசு கேக்குமா?” என்று சுருட்டின பாய் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

வாசலில் கஜபதி வண்டியைத் திருப்பிக்கொண்டே குரல் கொடுத்தார். “வாங்கண்ணா, வண்டி காலியாத்தான் போவுது. பின்னாடி ஏறிக்குங்க.”